ஹாஸ்கெல் நிரலை லூப்பும் வேரியபிளுமாக மாற்றுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஹாஸ்கெல், ஓகேமல், லிஸ்ப் மாதிரி ஒரு ஃபங்ஷனல் மொழியில் எழுதிய நிரல் கையில் இருக்கிறது. அதை ஜாவாவிலோ சி-யிலோ பைத்தானிலோ எழுதித் தரச் சொல்கிறார்கள். இந்த வேலையை நான் இரண்டு முறை முழுதாகச் செய்திருக்கிறேன். ஒரு முறை பாதியில் கைவிட்டிருக்கிறேன். அப்போது கூட இருந்தவர்கள் கேட்ட கேள்விகளும், நானே தலையைப் பிய்த்துக்கொண்ட கேள்விகளும்தான் இங்கே இருப்பவை. உதாரணங்களை எந்த மொழியின் இலக்கணத்திலும் எழுதாமல், படித்தால் புரிகிற மாதிரி தமிழிலேயே எழுதியிருக்கிறேன். அப்படியே எடுத்துக் கம்பைலரில் போட்டால் ஓடாது.

முதலில், இரண்டு நடைக்கும் என்ன வித்தியாசம்?

எக்செல் கட்டம் ஒன்றில் "மேலே உள்ள பத்துக் கட்டங்களின் கூட்டுத்தொகை" என்று சூத்திரம் எழுதுகிறோம். எது முதலில், எது பிறகு என்று நாம் சொல்வதில்லை. எது எதற்குச் சமம் என்று மட்டும் சொல்கிறோம். அது ஃபங்ஷனல். கரும்பலகையில் ஒரு எண்ணை எழுதி, அதை அழித்துவிட்டுப் புது எண்ணை எழுதி, மறுபடி அழித்து எழுதிக்கொண்டே போவது இம்பெரேட்டிவ், அதாவது கட்டளை நடை. அங்கே எந்த நேரத்தில் பலகையைப் பார்க்கிறோம் என்பதைப் பொறுத்து விடை மாறும். மாற்றும் வேலையில் வரும் தொல்லைகளில் பாதி இந்த "எந்த நேரத்தில்" என்பதில்தான் ஒளிந்திருக்கிறது.

நிஜத்தில் யாராவது இப்படி மாற்றுகிறார்களா?

நிறையப் பேர். ரெடிட் தளம் 2005-இல் காமன் லிஸ்ப்பில் தொடங்கி, அதே ஆண்டு டிசம்பரில் பைத்தானுக்கு மாறியது. வயாவெப் என்ற இணையக் கடை மென்பொருளும் லிஸ்ப்பில் எழுதப்பட்டதுதான். 1998-இல் அதை யாஹூ வாங்கியது. பிற்பாடு சி++, பெர்ல் மொழிகளில் திருப்பி எழுதினார்கள். ரஸ்ட் மொழியின் முதல் கம்பைலர் ஓகேமலில் இருந்தது, பிறகு ரஸ்ட்டிலேயே எழுதப்பட்டது.

எனக்குப் பிடித்த உதாரணம் எஸ்இஎல்4. இது ஒரு மைக்ரோகெர்னல், அதாவது இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலின் மிகச் சிறிய வடிவம். ஆஸ்திரேலியாவில் நிக்டா ஆய்வு நிறுவனத்தில் உருவாக்கினார்கள். கெர்னல் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதை முதலில் ஹாஸ்கெலில் மாதிரியாக எழுதிப் பார்த்தார்கள், சுமார் 5,700 வரி. பிறகு அதைக் கையாலேயே சி-க்கு மாற்றினார்கள், சுமார் 8,700 வரி. சி நிரல் சரிதான் என்று கணித முறையில் நிரூபித்து 2009-இல் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். அதில் ஒரு கணக்கு இருக்கிறது. ஹாஸ்கெல் மாதிரிக்குச் செலவானது ஏறத்தாழ 2 ஆள்-ஆண்டு (ஒருவர் ஓராண்டு செய்யும் வேலை ஓர் ஆள்-ஆண்டு). சி-க்கு மாற்றும் முதல் சுற்று முடிந்தது 3 வாரத்தில். சி வேலை எல்லாம் சேர்த்தும் 2 ஆள்-மாதம்தான். யோசித்த வேலை முழுக்க ஹாஸ்கெலில் முடிந்துவிட்டது. மேலாளர் "இதற்கு எத்தனை நாள் ஆகும்?" என்று கேட்கும்போதெல்லாம் இந்தக் கணக்கு எனக்கு நினைவுக்கு வரும். மூல நிரலைப் புரிந்துகொண்டவருக்கு வாரக்கணக்கு, புரியாதவருக்கு விடையே கிடையாது.

கருவியிடம் கொடுத்தால் தானாக மாற்றித் தராதா?

தரும். கம்பைலர் செய்வதே அதுதானே. ஓகேமலை ஜாவாஸ்கிரிப்ட் ஆக்க ஜேஎஸ்-ஆஃப்-ஓகேமல் இருக்கிறது, எஃப்-ஷார்ப்பை ஆக்க ஃபேபிள் இருக்கிறது. விளைவை ஓட்ட மட்டும் போகிறீர்கள் என்றால் தாராளமாகப் பயன்படுத்துங்கள். ஆனால் நாளைக்கு இன்னொருவர் அதைத் திறந்து ஒரு விதியைத் திருத்த வேண்டும் என்றால், கருவி கக்கிய நிரலில் கை வைக்கவே பயமாக இருக்கும். எஸ்இஎல்4 குழு தானியங்கி வழியில் போகாததற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஹாஸ்கெல் நிரல் ஓட அதன் ரன்டைம், அதாவது நிரலை ஓட்டும் துணை மென்பொருள், கூடவே வர வேண்டும். அந்த ரன்டைம் கெர்னலைவிடப் பெரியது, பயன்படாத நினைவகத்தைத் தானே விடுவிக்கும் கார்பேஜ் கலெக்டரும் அதற்குள் இருக்கிறது. அதை நிரூபிக்கப் போனால் வேலை முடிந்த மாதிரிதான்.

இப்போது செயற்கை நுண்ணறிவிடம் கொடுத்து மாற்றச் சொல்கிறார்கள். நானும் செய்கிறேன். முதல் வரைவுக்கு நன்றாகவே இருக்கிறது. ஆனால் கீழே சொல்லப்போகும் ஒவ்வொரு குழியிலும் அதுவும் விழுவதைப் பார்த்திருக்கிறேன். அதனால் குழிகள் எங்கே என்று நமக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

எங்கிருந்து தொடங்குவது?

நிரலின் அடியிலிருந்து. யாரையும் அழைக்காத சின்னத் தூய ஃபங்ஷன்களை, அதாவது கொடுத்ததை வைத்துக் கணக்குப் போட்டு விடை மட்டும் தருகிறவற்றை, முதலில் மாற்றுங்கள். அதற்கும் முன்னால் ஒரு வேலை: பழைய நிரலை ஓட்டி, சில ஆயிரம் உள்ளீடுகளையும் அவற்றுக்கு வந்த விடைகளையும் கோப்பில் சேமித்து வையுங்கள். பழைய நிரல் ஓடும் கணினியை ஒருநாள் யாராவது சொல்லாமல் கொள்ளாமல் அணைத்துவிடுவார்கள். அப்போது இந்தக் கோப்பு ஒன்றுதான் சாட்சி.

ரிகர்ஷனை லூப்பாக்குவது எப்படி?

ரிகர்ஷன் என்பது ஃபங்ஷன் தன்னைத்தானே அழைப்பது. அப்படி அழைக்கும் ஃபங்ஷன் எல்லாம் ஒரே ரகம் இல்லை. முதலில் எளிய ரகம்:

    கூட்டு (காலி) = 0
    கூட்டு (தலை, வால்) = தலை + கூட்டு (வால்)

இதில் வாலின் கூட்டுத்தொகை வந்த பிறகும் தலையைக் கூட்டும் வேலை பாக்கி இருக்கிறது. அந்தப் பாக்கியை ஒவ்வொரு அழைப்பும் ஸ்டாக்கில், அதாவது ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும் நினைவகத்தில், வைத்துவிட்டுக் காத்திருக்கும். பைத்தானில் வழக்கமான எல்லை 1,000 அழைப்பு. 1,500 உருப்படி உள்ள பட்டியலைக் கொடுத்தாலே கையை விரித்துவிடும். எனவே பாக்கியை முன்கூட்டியே தீர்த்துக்கொண்டு போகிற மாதிரி, இதுவரை வந்த தொகையையும் கூடவே அனுப்புங்கள்:

    கூட்டு (காலி, இதுவரை) = இதுவரை
    கூட்டு (தலை, வால், இதுவரை) = கூட்டு (வால், இதுவரை + தலை)

இப்போது கடைசியாக நடப்பது அழைப்பு மட்டும்தான், அதற்குப் பின் பாக்கி எதுவும் இல்லை. இதை வால் அழைப்பு என்பார்கள். ஸ்கீம் மொழியின் தரநிலைப்படி இப்படிப்பட்ட அழைப்பு ஸ்டாக்கைத் தின்னக் கூடாது. ஸ்காலா கம்பைலர், தன்னையே வால் அழைப்பாக அழைக்கும் ஃபங்ஷனைத் தானே லூப்பாக்கிவிடும். ஜாவாவும் பைத்தானும் செய்யாது. பைத்தானை உருவாக்கிய கைடோ வான் ராசம் இது வேண்டாம் என்று 2009-இலேயே விளக்கி எழுதிவிட்டார். ஆக, நாம்தான் லூப்பாக எழுத வேண்டும். எழுதுவது சுலபம்: ஒவ்வொரு அளபுருவும் ஒரு வேரியபிள், ஒவ்வொரு அழைப்பும் அந்த வேரியபிள்களுக்குப் புது மதிப்பு.

சுலபம் என்று சொன்ன இடத்தில்தான் முதல் குழி. மீப்பெரு பொது வகுத்தி காணும் ஃபங்ஷனைப் பாருங்கள் (% என்றால் வகுத்த மீதி):

    மீபொவ (பெரிது, 0) = பெரிது
    மீபொவ (பெரிது, சிறிது) = மீபொவ (சிறிது, பெரிது % சிறிது)

வரிக்கு வரி மாற்றுகிறேன் பேர்வழி என்று இப்படி எழுதுவார்கள்:

    சிறிது 0 ஆகும்வரை:
        பெரிது ← சிறிது
        சிறிது ← பெரிது % சிறிது

48, 18 கொடுத்துப் பாருங்கள். முதல் வரியில் பெரிது 18 ஆகிவிட்டது. இரண்டாம் வரி 18-ஐ 18-ஆல் வகுத்து மீதி 0 என்கிறது. லூப் முடிந்தது, விடை 18. சரியான விடை 6. ஃபங்ஷனை அழைக்கும்போது எல்லா அளபுருக்களும் பழைய மதிப்புகளை வைத்துக் கணக்காகி, ஒரே நேரத்தில் மாறுகின்றன. லூப்பில் ஒன்றன்பின் ஒன்றாக மாறுகின்றன. எனவே மீதியைத் தனி வேரியபிளில் முதலில் எடுத்து வைத்துக்கொண்டு, அப்புறம் மற்ற இரண்டையும் மாற்ற வேண்டும். பைத்தானில் இரண்டையும் ஒரே வரியில் காற்புள்ளி போட்டு மாற்றலாம். இந்தத் தவற்றை மட்டும் நான் எத்தனை பேரின் நிரலில் பார்த்திருக்கிறேன் என்று கணக்கே இல்லை. என்னுடையதும் அதில் சேர்த்தி.

மரம் மாதிரி இரண்டு பக்கமும் அழைக்கும் ரிகர்ஷன் என்றால்?

இடது கிளையையும் வலது கிளையையும் அழைக்கும் ஃபங்ஷனை வால் அழைப்பாக்க முடியாது. ஒன்று போகும்போது இன்னொன்று பாக்கி. லூப்தான் வேண்டும் என்றால் நீங்களே ஒரு ஸ்டாக் வைத்துக்கொள்ளுங்கள். வேரை அதில் போடுங்கள். ஸ்டாக் காலியாகும்வரை மேலே இருப்பதை எடுத்து, வேலையை முடித்து, அதன் கிளைகளை உள்ளே போடுங்கள். வரிசை முக்கியம் என்றால் வலதை முதலில் போட்டுவிட்டு இடதைப் போடுங்கள், இடதுதான் முதலில் வெளியே வரும்.

ஆனால் அவசரப்படாதீர்கள். சமநிலையில் உள்ள மரத்தில் 10 லட்சம் கணுக்கள் இருந்தாலும் ஆழம் சுமார் 20 தான். அதற்கு ரிகர்ஷனே போதும், எந்த மொழியிலும் ஸ்டாக் தாங்கும். இம்பெரேட்டிவ் மொழி என்றால் ரிகர்ஷனே கூடாது என்று யாரும் சட்டம் போடவில்லை. ஆழம் உள்ளீட்டின் நீளத்தோடு வளருமா என்று மட்டும் பாருங்கள்.

மேப், ஃபில்டர், ஃபோல்ட் எல்லாம்?

லூப்புகள்தான். மேப் என்றால் புதுப் பட்டியலில் சேர்த்துக்கொண்டே போகும் லூப், ஃபில்டர் என்றால் நடுவில் ஒரு "என்றால்", எல்லாவற்றையும் ஒரே விடையாகத் திரட்டும் ஃபோல்ட் என்றால் வெளியே ஒரு வேரியபிள். மூன்று அடுத்தடுத்து வந்தால் ஒரே லூப்பில் சேர்த்துவிடலாம். ஜாவா 8-இலிருந்து ஸ்ட்ரீம் வசதி இருப்பதால் மாற்றாமலே விட்டாலும் குற்றமில்லை. வலமிருந்து வரும் ஃபோல்டில் மட்டும் நிதானம் தேவை. கூட்டலுக்கு எந்தப் பக்கமிருந்து போனாலும் ஒன்றுதான், கழித்தலுக்கு அப்படி இல்லை.

ஹாஸ்கெல் "சோம்பேறி மொழி" என்கிறார்களே, அதை என்ன செய்வது?

இதுதான் இருப்பதிலேயே ஏமாற்றும் இடம். ஹாஸ்கெல் எதையும் தேவைப்படும்வரை கணக்கிடாது. முடிவில்லாத பட்டியல் எழுதி அதில் முதல் பத்தை எடுப்பதெல்லாம் இதனால்தான் முடிகிறது. அந்த மாதிரி இடங்கள் கண்ணுக்குத் தெரியும், அவற்றைப் பைத்தான் ஜெனரேட்டராக, அதாவது கேட்கக் கேட்க ஒவ்வொரு மதிப்பாகத் தரும் ஃபங்ஷனாக, மாற்றலாம். ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது. ஹாஸ்கெல் பட்டியலை இரண்டு முறை படித்தால் இரண்டு முறையும் அதே பட்டியல் வரும். ஜெனரேட்டரை ஒரு முறை படித்தால் தீர்ந்துபோகும், இரண்டாம் முறை காலி. எந்தப் பிழைச் செய்தியும் வராது, விடை மட்டும் தப்பாக இருக்கும்.

கண்ணுக்குத் தெரியாத இடங்கள் இன்னும் மோசம். ஹாஸ்கெலில் ஃபங்ஷனின் அடியில் துணை வரையறைகள் எழுதுவார்கள்:

    அறிக்கை (மதிப்பெண்கள்) =
        எண்ணிக்கை 0 என்றால் "யாரும் எழுதவில்லை"
        இல்லையென்றால் சராசரி
      இதில்
        எண்ணிக்கை = நீளம் (மதிப்பெண்கள்)
        சராசரி = மொத்தம் (மதிப்பெண்கள்) / எண்ணிக்கை

மாற்றுபவர் என்ன செய்வார்? துணை வரையறைகளை வேரியபிள்களாக்கி, ஃபங்ஷனின் தலையில் வைப்பார். யாரும் தேர்வு எழுதாத நாளில் 0-ஆல் வகுத்து நிரல் விழும். ஹாஸ்கெலில் சராசரி தேவைப்படாததால் அது கணக்கிடப்படவே இல்லை. துணை வரையறைகளை அவை பயன்படும் கிளைக்குள் மட்டும் கொண்டுபோய் வையுங்கள். இரண்டு கிளைகளில் தேவை, கணக்கும் கனமானது என்றால், முதல் முறை கேட்கும்போது கணக்கிட்டுச் சேமித்து வைக்கும் சின்ன ஃபங்ஷனாக்குங்கள்.

மதிப்புகள் மாறாது என்பது இங்கே எப்படி மாறும்?

ஃபங்ஷனல் மொழியில் மேப் ஒன்றில் (இது மேலே சொன்ன மேப் இல்லை, பெயருக்கு எதிரே மதிப்பை வைக்கும் அகராதி) ஒரு உருப்படியைச் சேர்த்தால் புது மேப் கிடைக்கும், பழையது அப்படியே இருக்கும். உள்ளுக்குள் இரண்டும் பெரும்பகுதியைப் பகிர்ந்துகொள்வதால் செலவு குறைவு. ஜாவாவின் ஹேஷ்மேப்பில் சேர்த்தால் அதுவே மாறிவிடும். பழையதை யாரும் வைத்திருக்கவில்லை என்றால் நல்லதுதான், வேகமும் கூடும். வைத்திருந்தால்? எடிட்டர் ஒன்றில் "பின்செல்" வசதிக்காக ஒவ்வொரு நிலையையும் பட்டியலில் போட்டு வைத்திருப்பார்கள். மாற்றிய பிறகு பட்டியலில் இருபது உருப்படிகள் இருக்கும், இருபதும் ஒரே பொருளைத்தான் காட்டும். எவ்வளவு பின்னால் போனாலும் இப்போதைய நிலைதான் வரும்.

பயந்துகொண்டு எல்லா இடத்திலும் முழு நகல் எடுக்கிறவர்களும் உண்டு. 10,000 உருப்படிகளை ஒவ்வொன்றாகச் சேர்க்கும்போது ஒவ்வொரு முறையும் நகல் எடுத்தால், மொத்தம் சுமார் 5 கோடி உருப்படிகளை நகலெடுத்திருப்போம். நான் செய்வது இது: ஒவ்வொரு "புதுசு செய்து திருப்பிக் கொடு" இடத்திலும் நின்று, "இதற்குப் பிறகு பழையதை யாராவது தொடுகிறார்களா?" என்று தேடுவேன். தொடவில்லை என்றால் அங்கேயே மாற்றுவேன். தொட்டால் நகல். சந்தேகம் என்றாலும் நகல்தான். அப்புறம் ஒரே நேரத்தில் ஓடும் பல த்ரெட்கள் அதைத் தொடுகின்றனவா என்றும் பாருங்கள். மாறாத மதிப்புக்குப் பூட்டு தேவைப்பட்டிருக்காது, இப்போது தேவைப்படும்.

பேட்டர்ன் மேட்சிங்கை, அதாவது மதிப்பு எந்த வகை என்று பார்த்துக் கிளை பிரிப்பதை, எப்படி எழுதுவது?

"கட்டணம் என்பது ரொக்கம், அல்லது எண்ணோடு ஒரு காசோலை, அல்லது ஐடியோடு ஒரு யூபிஐ" என்று ஃபங்ஷனல் மொழியில் ஒரே வரியில் சொல்லலாம். ஜாவா 21-இல் சீல்டு இன்டர்ஃபேஸும் ஸ்விட்ச்சும் சேர்ந்தால் ஏறக்குறைய அதே வசதி கிடைக்கிறது; ஒரு வகையை விட்டுவிட்டால் கம்பைலரே தடுக்கும். பைத்தான் 3.10-இல் மேட்ச் வந்துவிட்டது, ஆனால் விட்டுப்போனதை அது சொல்லாது. சி-யில் வகைகளின் பெயர்ப் பட்டியலாக ஒரு ஈனமும் (enum), அவற்றின் மதிப்புகளை ஒரே இடத்தில் வைக்க ஒரு யூனியனும். அங்கே ஒரு சின்ன யோசனை: ஸ்விட்ச்சில் "மற்றவை எல்லாம்" என்ற டீஃபால்ட் கிளையை எழுதாதீர்கள். எழுதாவிட்டால், எச்சரிக்கைகளை இயக்கிய ஜிசிசி கம்பைலர் விட்டுப்போன வகையைப் பெயர் சொல்லிக் காட்டும். எழுதினால் வாயை மூடிக்கொள்ளும்.

மூல நிரலில் பேட்டர்ன்கள் மேலிருந்து கீழாகப் பார்க்கப்படும், முதலில் பொருந்துவதுதான் ஜெயிக்கும். அழகுக்காக அந்த வரிசையை மாற்றாதீர்கள்.

மோனாட்?

ஃபங்ஷனல் மொழியில் செயல்களை ஒன்றன்பின் ஒன்றாகக் கோக்கும் அமைப்புக்கு மோனாட் என்று பெயர். பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம், இந்தத் திசையில் மாற்றும்போது மோனாட் பெரும்பாலும் காணாமல் போகும். ஐஓ மோனாட் சாதாரண வரிகளாகும். ஸ்டேட் மோனாட் ஒரு லோக்கல் வேரியபிளாகும். பட்டியல் மோனாட் ஒன்றுக்குள் ஒன்றான லூப்பாகும். எர்ரரைச் சுமக்கும் ஈதர், எக்செப்ஷன் ஆகும்.

"மதிப்பு இருக்கலாம், இல்லாமலும் போகலாம்" என்று சொல்லும் மேபி மட்டும் சற்று நெருடும். அதை நல் (null, அதாவது மதிப்பு இல்லை) ஆக்குவது வழக்கம். ஆனால் மேபிக்குள் மேபி வந்தால் "பெயரே பதிவில் இல்லை" என்பதும் "பெயர் இருக்கிறது, போன் எண் காலி" என்பதும் வேறு வேறு. நல் ஆக்கினால் இரண்டும் ஒன்றாகிவிடும்.

எழுத்துகளைப் படித்து அமைப்பாகப் பிரிக்கும் பார்சர் மோனாட்டைக் கையால் மாற்றுகிறவர்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். "இந்த விதியை முயற்சி செய், தோற்றால் அடுத்தது" என்று வரும்போது, ஹாஸ்கெலில் கையால் எழுதிய எளிய பார்சர்களில் உள்ளீடு மதிப்பாகப் போவதால், பின்வாங்குவதற்குத் தனியாக எதுவும் செய்ய வேண்டியதில்லை. உங்கள் லூப்பில் "எங்கே படித்துக்கொண்டிருக்கிறேன்" என்ற வேரியபிள் முதல் விதியிலேயே நான்கு எழுத்து தள்ளிப் போயிருக்கும். முயற்சிக்கு முன் அதைச் சேமித்து, தோற்றால் பழைய இடத்துக்குக் கொண்டுவர வேண்டும்.

க்ளோஷரை சி-யில் எப்படி எழுதுவது? சி-யில் அது இல்லையே?

க்ளோஷர் என்பது ஃபங்ஷனும் அது கூடவே சுமந்து வரும் மதிப்புகளும். சி-யில் அந்த இரண்டையும் நீங்களே ஒரு ஸ்ட்ரக்ட்டில் கட்டிக் கொடுக்க வேண்டும்: ஒரு ஃபங்ஷன் பாயின்டர், அதன் பக்கத்தில் சுமைக்கு ஒரு பாயின்டர். சுமை ஸ்டாக்கில் இருந்து, ஃபங்ஷன் முடிந்த பிறகு யாராவது க்ளோஷரை அழைத்தால் கதை முடிந்தது. ஃபங்ஷன் முடிந்தாலும் நிலைக்கும் நினைவகமான ஹீப்பில் வைத்தால் யார் விடுவிப்பது என்று முடிவு செய்ய வேண்டும். இதுவரை கார்பேஜ் கலெக்டர் சத்தமில்லாமல் செய்துகொண்டிருந்த வேலை அது. நூலக ஃபங்ஷன்களும் ஒத்துழைக்காது. சி தரநிலையின் வரிசைப்படுத்தும் ஃபங்ஷனான க்யூசார்ட், ஒப்பிடும் ஃபங்ஷனை மட்டும்தான் வாங்கிக்கொள்ளும், சுமையை அனுப்ப அதில் இடமே இல்லை.

நிரல் முழுக்க நான்கைந்து வகை க்ளோஷர்கள்தான் என்றால் வேறு வழி இருக்கிறது. ஒவ்வொரு வகைக்கும் ஒரு பெயர் கொடுத்து ஈனமாக்கி, ஒரே "செயல்படுத்து" ஃபங்ஷனில் ஸ்விட்ச் போட்டுவிடுங்கள். ஜான் ரெய்னால்ட்ஸ் 1972-இல் விளக்கிய முறை இது, இன்றைக்கும் அருமையாக வேலை செய்கிறது. டீபக்கரில் பார்க்கும்போது எந்த க்ளோஷர் ஓடுகிறது என்று பெயரே தெரியும்.

பைத்தானில் க்ளோஷர் இருக்கிறது, அதனால் குழியும் வேறு. 1, 2, 3 என்று லூப் ஓட்டி மூன்று க்ளோஷர்கள் செய்தால் மூன்றும் 3 என்றே சொல்லும், ஏனென்றால் மூன்றும் ஒரே வேரியபிளைப் பார்க்கின்றன. கோ மொழியிலும் இதே சங்கடம் இருந்தது. 2024-இல் வந்த 1.22 பதிப்பில் லூப்பின் ஒவ்வொரு சுற்றுக்கும் புது வேரியபிள் என்று மாற்றிவிட்டார்கள்.

எண்களில் என்ன வந்துவிடப் போகிறது? கூட்டல் எங்கேயும் கூட்டல்தானே?

நானும் அப்படித்தான் நினைத்தேன். ஓய்வூதியக் கணக்கு நிரல் ஒன்றை ஹாஸ்கெலிலிருந்து ஜாவாவுக்கு மாற்றிக்கொண்டிருந்தோம். ஒரு தேதி என்ன கிழமை என்று கண்டுபிடிக்கும் ஃபங்ஷன் அதில் உண்டு. 1970 ஜனவரி 1-லிருந்து எத்தனை நாள் என்று எடுத்து, அன்று வியாழன் என்பதால் 4 கூட்டி, 7-ஆல் வகுத்த மீதி. ஞாயிறு 0, சனி 6. ஒரே வரி. அப்படியே மாற்றினேன். சோதனைகள் எல்லாம் தேறின. உண்மையான தரவைப் போட்டதும், வரிசையின் எல்லைக்கு வெளியே போகிறது என்று நிரல் விழுந்தது.

1969 டிசம்பர் 26-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். நாள் கணக்கு −6. 4 கூட்டினால் −2. ஹாஸ்கெலின் மாட், −2-ஐ 7-ஆல் வகுத்து மீதி 5 என்கும், அதாவது வெள்ளி. சரி. ஜாவாவின் சதவீதக் குறி மீதி −2 என்கும். அந்த எண்ணில் கிழமை இல்லை. இதில் வேடிக்கை, டிசம்பர் 31 முதல் 28 வரை சரியாகவே வரும், 4 கூட்டியதால் எண் சுழிக்குக் கீழே போவதில்லை. நான் சோதனைக்கு வைத்திருந்த ஒரே பழைய தேதி 1969 டிசம்பர் 31. ஓய்வு பெறுகிறவர்களோ பெரும்பாலும் 1970-க்கு முன் பிறந்தவர்கள்!

ஹாஸ்கெலின் டிவ், மாட் இரண்டும் கீழ்நோக்கி முழுதாக்கும். ஜாவாவும் சி-யும் சுழியை நோக்கி வெட்டும். −7-ஐ 2-ஆல் வகுத்தால் அங்கே −4, இங்கே −3. ஹாஸ்கெலிலேயே க்வாட், ரெம் என்று இன்னொரு ஜோடி உண்டு, அது ஜாவாவைப் போல நடந்துகொள்ளும். எனவே மூலத்தில் எது இருக்கிறது என்று பார்த்து மாற்றுங்கள். ஜாவாவில் ஃப்ளோர்மாட் என்ற ஃபங்ஷன் இருக்கிறது, மாட் இருந்த இடத்தில் அதைப் போட்டால் தீர்ந்தது. பைத்தான் ஹாஸ்கெலின் மாட் கட்சி.

இன்னும் மூன்று. ஹாஸ்கெலில் வகை எதுவும் குறிப்பிடாமல் முழு எண்ணை எழுதினால் எல்லையில்லாத முழு எண்ணாகத்தான் பெரும்பாலும் எடுத்துக்கொள்ளும். 20 ஃபேக்டோரியல் 64 பிட்டில் அடங்கும், 21 அடங்காது. ஜாவா சத்தமில்லாமல் தப்பான எண்ணைக் கொடுக்கும். ஓகேமலில் முழு எண், 64 பிட் கணினியில் 63 பிட்தான். ஹேஷ் கணக்கில் வேண்டுமென்றே எண்ணை நிரம்பி வழியவிட்டிருந்தால், ஜாவாவின் 64 பிட்டில் வேறு ஹேஷ் வரும். அப்புறம் ரவுண்ட்: 2.5-ஐ ஹாஸ்கெலும் பைத்தான் 3-உம் 2 ஆக்கும், ஜாவாவின் மேத் ரவுண்டும் சி-யும் 3 ஆக்கும். பணக் கணக்கில் இதை முதல் நாளே கேளுங்கள்.

வரிசைப்படுத்தலில் ஏதாவது?

ஹாஸ்கெலின் சார்ட்டில் சமமான உருப்படிகள் வந்த வரிசை கலையாது. பைத்தானிலும், ஜாவாவில் பட்டியல்களை வரிசைப்படுத்தும்போதும் அப்படியே. சி-யின் க்யூசார்ட் அந்த உறுதியைத் தராது. ஊர்வாரியாக அடுக்கிய பிறகு பெயர்வாரியாக அடுக்கும் நிரல் என்றால், ஊர் வரிசை குலைந்துபோகலாம்.

மாற்றினால் வேகம் கூடுமா?

கூடலாம், குறையலாம். நடுவில் உருவாகும் பட்டியல்கள் ஒழிவதால் பெரும்பாலும் கூடும். ஆனால் ஹாஸ்கெல் கம்பைலர் ஜிஹெச்சி பல இடங்களில் அந்தப் பட்டியல்களை ஏற்கெனவே ஒழித்திருக்கும். வேகத்துக்காக மட்டும் மாற்றப் போகிறீர்கள் என்றால், முதலில் எந்த இடத்தில் நேரம் போகிறது என்று காட்டும் புரொஃபைலர் வைத்துப் பாருங்கள். மெதுவாக இருக்கும் ஒரு மூலையை மட்டும் சி-யில் எழுதி ஹாஸ்கெலிலிருந்து அழைப்பதே போதுமானதாக இருக்கலாம். நான் பாதியில் கைவிட்டேன் என்று சொன்ன வேலை அப்படித்தான் நின்றது. அதில் வருத்தம் இல்லை.

சரியாக மாற்றியிருக்கிறேன் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

இரண்டு நிரல்களுக்கும் ஒரே உள்ளீட்டைக் கொடுத்து விடைகளை ஒப்பிடுங்கள். கையால் எழுதிய உள்ளீடுகள் போதாது, என் டிசம்பர் 31 மாதிரி ஆகிவிடும். க்விக்செக் என்ற கருவி ஹாஸ்கெலுக்காக 2000-இல் வந்தது. கோயன் கிளேசன், ஜான் ஹ்யூஸ் இருவரும் உருவாக்கினார்கள். தற்போக்கான உள்ளீடுகளை அதுவே உற்பத்தி செய்யும். விடை மாறினால், எவ்வளவு சின்ன உள்ளீட்டிலேயே அது மாறுகிறது என்று சுருக்கியும் காட்டும். பைத்தானில் ஹைப்போதிசிஸ் என்ற நூலகம் அதே வேலையைச் செய்கிறது. காலிப் பட்டியல், ஒரே உருப்படி, எதிர்ம எண், மிகப் பெரிய எண், சம மதிப்புகள்: இந்த ஐந்தும் உள்ளீட்டில் வருகின்றனவா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். மேலே சொன்ன குழிகளில் பெரும்பாலானவை இந்த ஐந்தில் சிக்கும்.

ஒப்பிடும்போது பழைய நிரலிலேயே பிழை இருப்பது தெரிந்தால்?

அந்தப் பிழையையும் அப்படியே மாற்றுங்கள். எழுதி வையுங்கள், சம்பந்தப்பட்டவர்களிடம் சொல்லுங்கள். மாற்றும் வேலை முடிந்து, இரண்டும் ஒரே விடை தருகின்றன என்று உறுதியான பிறகு தனியாகத் திருத்துங்கள். மாற்றும்போதே திருத்தினால், விடை வேறுபடும் ஒவ்வொரு முறையும் அது திருத்தமா தவறா என்று உட்கார்ந்து யோசிக்க வேண்டியிருக்கும்.

எல்லாம் முடிந்தது. பழைய ஹாஸ்கெல் நிரலை அழித்துவிடலாமா?

வேண்டாம். எஸ்இஎல்4 குழு சி நிரல் தயாரான பிறகும் ஹாஸ்கெல் மாதிரியைத் தூக்கி எறியவில்லை. அதிலிருந்து இசபெல் நிரூபணக் கருவிக்கான வடிவத்தைத் தானாக உருவாக்கி, சி நிரலை அதோடு ஒப்பிட்டுத்தான் நிரூபித்தார்கள். நமக்கு அவ்வளவு தூரம் வேண்டாம். ஓய்வூதிய நிரலின் ஹாஸ்கெல் மூலத்தை ஜாவா நிரல் இருக்கும் கிட் கிடங்கிலேயே "பழையது" என்ற ஃபோல்டரில் வைத்தோம். ஜாவாவில் ஒரு விதி ஏன் இப்படி இருக்கிறது என்று யாராவது கேட்டால், இன்றைக்கும் நாற்பது வரி ஜாவாவை விட்டுவிட்டு அந்த ஃபோல்டரில் இருக்கும் நான்கு வரியைத்தான் திறந்து காட்டுகிறோம்.